சோடி சாரின் இரண்டாவது வயர்

திண்டுக்கல்லில் செருப்பு அறுந்து ஒருநாளாவது நடுரோட்டில் நொண்டாத மனிதப் பிறவியே கிடையாது, எங்கள் சோடி சார் ஒருவரைத் தவிர. அவருடைய செருப்பு அறுந்ததே இல்லை என்று நான் சொல்லவில்லை. மாதம் தவறாமல் அறுந்தது. அறுந்த இடத்திலேயே நின்று தோள்பையைத் திறப்பார். உள்ளேயிருந்து இன்னொரு சோடியை எடுத்துப் போட்டுக்கொள்வார். அறுந்ததைப் பழைய பேப்பரில் சுற்றிப் பைக்குள் வைத்துவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல் நடையைக் கட்டுவார். நாகல் நகரில் இதை என் கண்ணாலேயே பார்த்த பிறகுதான் அந்தப் பெயருக்கு அர்த்தம் புரிந்தது.

அப்போது நான் நாகல் நகரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் ரிப்போர்ட் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். சோடி சார் அங்கே கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்க்கிறவர். நாற்பது வயது, ஒல்லி உடம்பு, நிலக்கோட்டைப் பக்கத்துப் பூக்காரக் குடும்பம். பெற்றோர் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. கல்யாணமே ஆகாத மனிதருக்குச் சோடி என்று பெயர் வைத்த புண்ணியம் எங்கள் நர்ஸுகளைச் சேரும்.

கையில் இரண்டு கடிகாரம் கட்டியிருப்பார். இடது கையில் இருப்பது மணி பார்க்க. வலது கையில் இருப்பது, இடது கையில் இருப்பது சரியாக ஓடுகிறதா என்று பார்க்க. இரண்டுக்கும் ஒரு நிமிடம் வித்தியாசம் வந்துவிட்டால் நேரே என் மேஜைக்கு வந்து நிற்பார்.

“ரோசலினம்மா, உங்க வாட்சுல மணி என்ன?”

“மூணாவதா ஒண்ணு கட்டிக்கிற வேண்டியதுதானே?”

“எதுக்கு? அதான் நீங்க இருக்கீங்கள்ல.”

சாப்பாட்டுக்கு இரண்டு டப்பா கொண்டுவருவார். ஒன்றில் தயிர்சாதம், அது புளித்துவிட்டால் சாப்பிட இன்னொன்றில் புளிசாதம். தயிர்சாதம் புளிக்காத நாட்களில் இரண்டையும் சாப்பிட்டுவிட்டு மதியம் முழுக்கக் கொட்டாவி விடுவார். பஸ்ஸிலும் அதே கதைதான். எட்டரை மணி வேலைக்கு அவருக்குத் தோதான பஸ் ஒன்று உண்டு. அது வராமல் போய்விட்டால் என்ன செய்வது என்று அதற்கு முந்தின பஸ்ஸுக்கே வந்து நிற்பார். முந்தின பஸ் ஒழுங்காக வந்து, ஏறி உட்கார்ந்தும் விட்டால், பின்னால் வருகிற பஸ் சும்மா வீணாகப் போகிறதே என்று வழியெல்லாம் கவலைப்படுவார்.

கல்யாணம் ஏன் ஆகவில்லை என்பதை அவரே ஒருநாள் சொன்னார். வத்தலக்குண்டில் பெண் பார்க்கப் போயிருக்கிறார். கேசரி கொடுத்து உட்கார வைத்த பெண்ணின் பெரியப்பா, பை ரொம்பக் கனமாக இருக்கிறதே, உள்ளே என்ன மாப்பிள்ளை என்று பேச்சுவாக்கில் கேட்டிருக்கிறார். இவர் உற்சாகமாகி ஒவ்வொன்றாக எடுத்து வைத்திருக்கிறார். குடை இரண்டு, டார்ச்லைட் இரண்டு, துண்டு இரண்டு, கண்ணாடிக் கூடு இரண்டு.

“எல்லாமே ரெண்டு ரெண்டாத்தான் வச்சுக்குவீகளோ?” என்று பெரியப்பா கேட்டாராம்.

“ஆமாங்க. எதுலயும் ஒண்ணை மட்டும் நம்பி இருக்கக் கூடாது. ஒண்ணு போச்சுன்னா இன்னொண்ணு கைவசம் இருக்கணும்ல.”

அடுப்படியில் காபி ஆற்றிக்கொண்டிருந்த பெண்ணின் அம்மாவின் காதில் இது விழுந்தது. காபி வெளியே வரவே இல்லை. “அதுல அவங்களுக்கு என்ன கோவம்னு எனக்கு இன்னும் விளங்கலைம்மா” என்று சோடி சார் என்னைக் கேட்டார். நான் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து, அன்றைக்கு ஒரு ரிப்போர்ட்டில் நோயாளியின் இடது காலை வலது கால் என்று அடித்துவிட்டேன். டாக்டர் கையெழுத்துப் போடும்போது பார்த்ததால் பிழைத்தேன்.

சரி, வயர் விஷயத்துக்கு வருகிறேன்.

இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷம் இருக்கும். எங்கள் பெரிய டாக்டர், அதாவது ஆஸ்பத்திரியின் முதலாளி, புது ஸ்கேன் மிஷின் வாங்கினார். அதோடு ஸ்டோரேஜ் என்று ஓர் இரும்புப் பெட்டியும் வந்தது. எடுக்கிற படமெல்லாம் அந்தப் பெட்டிக்குள் போய்ச் சேரும். மாடியில் இருக்கிற டாக்டர்கள் அவரவர் கம்ப்யூட்டரிலேயே அதைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம். பெட்டியைக் கீழே ஸ்கேன் ரூமுக்குப் பக்கத்து ஏசி அறையில் வைத்தார்கள். மாடியில் சுவிட்ச் என்று ஒன்று இருந்தது. விளக்குப் போடுகிற சுவிட்ச் இல்லை, ஊர் பஸ்ஸெல்லாம் பஸ் ஸ்டாண்டில் வந்து நிற்பதுபோல் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் வயர்களெல்லாம் வந்து நிற்கிற இடம். கீழே பெட்டியிலிருந்து மேலே சுவிட்சுக்கு ஒரு வயர். அவ்வளவுதான் சங்கதி.

சென்னையிலிருந்து வந்த என்ஜினீயர் அந்த ஒரு வயரைச் சொருகிவிட்டுப் பையைத் தூக்கினார். சோடி சார் பெட்டியின் முதுகுப் பக்கம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“சார், பின்னாடி ரெண்டு ஓட்டை இருக்கே.”

“ஒண்ணு போதும் சார். வேலை செய்யும்.”

“மூக்குலயும்தான் ரெண்டு ஓட்டை இருக்கு. ஒண்ணு போதும்னு இன்னொண்ணை அடைச்சா வச்சிருக்கோம்? சளி பிடிச்சா எதுல சார் மூச்சு விடுறது?”

என்ஜினீயர் ஒரு நிமிடம் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு, எல்லாம் புத்தகத்தில் இருக்கிறது, வேண்டுமானால் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் பஸ் பிடிக்கப் போய்விட்டார்.

புத்தகம் சிடியில் இருந்தது. சோடி சார் அதை எங்கள் பிரிண்டரில் அச்செடுத்தார். இரண்டு பிரதி என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. டிஸ்சார்ஜ் எழுத வைத்திருந்த பேப்பரெல்லாம் தீர்ந்து, உடம்பு குணமான ஆட்கள்கூடப் பேப்பர் வரும்வரை கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தார்கள். அவர் ஒரு வாரம் அதை மனப்பாடம் செய்தார். இரண்டு வயரைப் போட்டு, இரண்டும் சேர்ந்து ஒரே பாதை என்று பெட்டியை நம்ப வைக்க வேண்டுமாம். ஒன்று அறுந்தால் மற்றது தானாகவே முழுப் பாரத்தையும் தாங்கிக்கொள்ளுமாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நோயாளிகள் குறைவான நேரம் பார்த்து, இரண்டாவது வயரைச் சொருகினார். அடுத்த கணம் ரிசப்ஷன், லேப், மருந்துக்கடை என்று ஆஸ்பத்திரியில் இருந்த எல்லாக் கம்ப்யூட்டரும் மயக்கம் போட்டு விழுந்தது. கால் மணி நேரம் மாடிக்கும் கீழுக்கும் ஓடினார். எல்லாம் சரியான பிறகு வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்து என்னிடம் சொன்னார்.

“பெட்டிக்கிட்டச் சொல்லிட்டேன், சுவிட்சுகிட்டச் சொல்லலைம்மா. ரெண்டு பக்கமும்ல சொல்லணும். பொண்ணு வீட்டுல மட்டும் பேசி முடிச்சுட்டு, மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லாம மண்டபத்துல போய் உக்காந்த கதை ஆகிப்போச்சு.”

“உங்களுக்கு எப்புடிச் சார் கல்யாண விவரமெல்லாம் தெரியுது?” என்றேன். என் வாய் அப்படி. அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

மறுநாள் பெரிய டாக்டர் கூப்பிட்டார். நல்ல மனிதர்தான். ஆனால் ஓ.பி.யில் கூட்டம் சேர்ந்துவிட்டால் தேள் கொட்டியதுபோல் பேசுவார். “ரெண்டு வயர் போட்டியாமே. படம் ரெண்டு மடங்கு வேகமா வரணும்ல? அதே வேகத்துலதான வருது?”

“வத்தலக்குண்டுக்கு இன்னொரு ரோடு போட்டா, ஒரு பஸ்ஸு பாதி நேரத்துல போயிருமா சார்? போகாது. ரெண்டு பஸ்ஸு ஒண்ணை ஒண்ணு இடிக்காமப் போகும். ஒரு ரோட்டுல மரம் விழுந்தா இன்னொரு ரோட்டுல சுத்திப் போகும்.”

“மரம் எப்பய்யா விழும்?”

“அது மரத்துக்குத்தான் சார் தெரியும்.”

டாக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

சோடி சார் செய்த வேலையின் அழகை நான் சொல்லியே ஆக வேண்டும். பூக்காரக் குடும்பத்துக் கை அல்லவா. இரண்டு வயரையும் ஒட்ட வைத்து, வெள்ளை நூலால் சாணுக்கு ஒரு முடிச்சாக, மல்லிகைச் சரம் கட்டுவதுபோலவே கட்டியிருந்தார். கீழ் வராந்தா முழுக்கச் சுவரோரம் ஒரே நேர்கோடு. முடிச்சுக்கு முடிச்சு ஒரே இடைவெளி. நர்ஸுகள் வந்து பார்த்து, தலையில் வைத்துக்கொள்ளலாம் போலிருக்கிறது என்றார்கள். அவர் வெட்கப்பட்டார்.

அந்தச் சரம் மூன்று வாரம் தாங்கியது. வராந்தாவில் சத்தம் அதிகம் என்று பெரிய டாக்டர் ‘அமைதி காக்கவும்’ என்று ஒரு போர்டு எழுதச் சொன்னார். அதை மாட்ட வந்த ஆசாரி, சுவரில் டிரில்லரை வைத்தபோது கை வழுக்கியது. டிரில்லர் கீழே இறங்கி, இரண்டு வயரையும் சேர்த்து ஒரே இடத்தில் துண்டாக்கியது. அந்த நேரம் ஸ்கேன் மேஜையில் விபத்தில் மண்டையில் அடிபட்ட ஒருவர் படுத்திருந்தார். மாடியில் டாக்டரின் கம்ப்யூட்டரில் படம் வரவில்லை. பெரிய டாக்டர் இந்த வயதில் படியிறங்கி ஓடிவந்து, மிஷின் திரையிலேயே பார்த்து வைத்தியத்தை ஆரம்பித்தார். அடிபட்டவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் அன்றைக்கு அமைதி காக்கவும் போர்டுக்கு அடியில் நின்று டாக்டர் போட்ட சத்தம் ரோடு வரைக்கும் கேட்டது.

“இன்னொரு தடவை படம் நின்னுச்சுன்னு வையி, மதுரைக் கம்பெனிக்காரன்கிட்ட இந்தக் கம்ப்யூட்டர் வேலையைக் குடுத்துருவேன். நீ நிலக்கோட்டையில போய்ப் பூக் கட்டு.”

சோடி சார் அறுந்த வயர்த் துண்டுகளைப் பொறுக்கிப் பழைய பேப்பரில் சுற்றிக்கொண்டார். இரண்டு நாள் மணி கேட்கக்கூட என் பக்கம் வரவில்லை. மூன்றாம் நாள் என் மேஜைக்கு வந்தார்.

“டாக்டரு சொன்னது சரிதாம்மா. ரெண்டு போட்டேன், ஒரே வழியிலல்ல போட்டேன். ரெண்டு குடையையும் ஒரே பஸ்ஸுல மறந்து வச்ச மாதிரி.”

எனக்கு அவரைக் கேலி செய்ய வாய் வரவில்லை. அந்த வேலையை விட்டால் அவருக்கு வேறு உலகம் கிடையாது என்பது எல்லோருக்கும் தெரியும்.

முதல் வயரை வராந்தாவிலேயே விட்டுவிட்டு, இரண்டாவதைக் கட்டிடத்துக்கு வெளியே கொண்டுபோனார். ஏசி அறை ஜன்னல் வழியாக வெளியேறி, பின்பக்கக் கேன்டீன் கூரை மேல் ஏறி, மாடி ஜன்னலுக்குள் நுழையும்படி இழுத்தார். கேன்டீன் நடத்திய பாக்கியம் அக்கா கரண்டியோடு வந்து சண்டைக்கு நின்றாள். கூரைக்கும் மாடிக்கும் நடுவே வயர் தொங்குவது அவளுக்குப் பிடிக்கவில்லை. இரண்டு நாளில் பிடித்துப்போயிற்று. கைப்பிடித் துணி, கரித்துணி, டீ வடிகட்டித் துணி எல்லாம் அதில் காயத் தொடங்கின.

“அக்கா, அது கொடிக்கயிறு இல்ல. உள்ள படம் போகுது” என்று சோடி சார் கெஞ்சினார்.

“போகட்டுமேப்பு. துணி மேலதான காயுது. உம் படத்தை நானா மறிச்சேன்?”

அதிலிருந்துதான் காலைப் பூஜை ஆரம்பமானது. தினமும் எட்டரை மணிக்கு, ஸ்கேன் தொடங்குவதற்கு முன், அவர் பெட்டியிலிருந்து ஒரு வயரைப் பிடுங்குவார். ஒற்றைப்படைத் தேதியில் இடது வயர், இரட்டைப்படைத் தேதியில் வலது வயர். பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு மூச்சைப் பிடித்து நிற்பார். நான் என் கம்ப்யூட்டரில் பழைய படம் ஒன்றைத் திறந்து பார்த்து, “வந்துருச்சு” என்று கத்த வேண்டும். அப்போதுதான் மூச்சை விடுவார். எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருக்கும். சில நாள் வேண்டுமென்றே செத்த நேரம் கழித்துக் கத்துவேன். பாவம், அந்த முகம் வாடுவதைப் பார்த்தால் அடுத்த நாள் சீக்கிரமே கத்திவிடுவேன்.

இப்படி ஒரு வருஷம் ஓடியது. படம் ஒருநாளும் நிற்கவில்லை. படம் நிற்காததால், இப்படி ஒரு ஆள் இருக்கிறார் என்பதே பெரிய டாக்டருக்கு மறந்துவிட்டது. நடுவில் மதுரைக் கம்பெனிக்காரர் ஒருவர் டை கட்டிக்கொண்டு வந்து போக ஆரம்பித்தார்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் சோடி சார் ஒரு மாதம் லீவு கேட்டார். லீவே எடுக்காத மனிதர். “பொண்ணு அமைஞ்சிருச்சா சார்?” என்று எல்லோரும் கேட்டார்கள். சிரித்துக்கொண்டே தலையாட்டினார். காலைப் பூஜையை என்னிடம் ஒப்படைத்தார். எப்படிச் செய்வது என்று எழுதிய தாள் இரண்டு, அவசரத்துக்குக் கூப்பிட போன் நம்பர் இரண்டு.

“படம் மட்டும் நிக்கக் கூடாதும்மா. நான் இல்லாத நேரத்துல நின்னா, அதையே சாக்கா வச்சு முடிச்சுருவாங்க.”

“போயிட்டு வாங்க சார். மாப்பிள்ளைக் கோலத்துல வயரைப் பத்தி நெனைக்காதீங்க.”

லீவு எடுத்துப் பதின்மூன்றாம் நாள். ஒற்றைப்படைத் தேதி. இடது வயரைப் பிடுங்கினேன். என் கம்ப்யூட்டரில் படம் வரவில்லை. சரி, வரும் என்று காத்திருந்தேன். மாடியிலிருந்து பெரிய டாக்டரின் குரல் கேட்டது. அன்றைக்கென்று பார்த்து அவர் சீக்கிரம் வந்திருந்தார்.

“படம் எங்கம்மா? திறக்க மாட்டேங்குது.”

வயரைத் திரும்பச் சொருகினேன். வலது கையால் சிலுவை போட்டுக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் படம் வந்தது. “கரண்டு லேசாக் கொறைஞ்சிருச்சு டாக்டர்” என்று மாடியைப் பார்த்துப் பொய் சொன்னேன். பிறகுதான் சோடி சார் எழுதிக் கொடுத்த தாளை எடுத்துப் படித்தேன். முதல் வரி: ‘இரண்டு பச்சை விளக்கும் எரிகிறதா என்று பார்த்த பிறகே வயரைத் தொடவும்.’ பன்னிரண்டு நாளாக அந்த முதல் வரியை நான் மதிக்கவே இல்லை. பெட்டியின் முதுகுப் பக்கம் எட்டிப் பார்த்தேன். வயருக்கு ஒன்றாக இரண்டு விளக்கு. இடது விளக்கு மட்டும் எரிந்தது. வலது விளக்கு செத்துக் கிடந்தது.

முந்தின நாள் வலது வயரைப் பிடுங்கியபோது படம் நன்றாக வந்ததே என்று நினைத்துப் பார்த்தேன். வராமல் என்ன செய்யும்? செத்த வயரைப் பிடுங்கி, செத்த வயரைச் சொருகியிருக்கிறேன். வலது வயர் போகிற கேன்டீன் பக்கம் ஓடினேன். கூரைக்குப் புதுத் தகரம் போட்டிருந்தார்கள். துணியெல்லாம் வழக்கம்போலக் காய்ந்துகொண்டிருந்தது. கிட்டப் போய்த் துணியை விலக்கினால், கறுப்பு வயர் பாதியில் முடிந்து, நடுவே இரண்டு முழத்துக்கு நீல நைலான் கயிறு, அதற்கப்புறம் திரும்பவும் கறுப்பு வயர்.

“அக்கா, இது என்ன?”

“தகரம் போட்டவன் கொடிக்கயிறுனு நெனச்சு அறுத்துட்டான்த்தா” என்றாள் பாக்கியம் அக்கா. “நான் விடுவேனா? உங்க சோடி சாரு வருத்தப்படுவாருன்னு, நல்ல கயிறா எடுத்து இழுத்துக் கட்ட வச்சுட்டேன். பாரு, முன்னைக்கு இப்ப எம்புட்டு உறுதியா இருக்கு.”

நான் தலையில் கை வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். ஆஸ்பத்திரி முழுவதும் இப்போது ஒரே ஒரு வயரில் நிற்கிறது. அது போகிற வராந்தாவிலோ வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். ஏணியின் கால் வயரிலிருந்து ஒரு விரல் தள்ளி இருந்தது. அது பட்டு அறுந்தால் படம் நிற்கும், சோடி சாரின் வேலை போகும். பாக்கியம் அக்காவைக் கரண்டியோடு கூட்டிவந்து ஏணிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தேன். “வயருகிட்ட வந்தான்னா?” என்றாள். “அடிங்கக்கா” என்றேன்.

போன் செய்தேன். முதல் நம்பரை யாரும் எடுக்கவில்லை. இரண்டாவது செல்போன். ஒரு பெண் குரல் வந்தது, சோடி சாருடைய மதினி, அவருடைய அண்ணன் மனைவி.

“மதுரை ஆஸ்பத்திரில இருக்கோம்மா. ஆபரேசன் முடிஞ்சு இன்னைக்கு நாலாம் நாளு.”

“யாருக்கு ஆபரேசன்?”

“ரெண்டு பேருக்கும்தாம்மா. எங்க வீட்டுக்காரருக்கு ரெண்டு கிட்னியும் போயிருச்சு. தம்பி தன்னோடதுல ஒண்ணைக் குடுத்துருக்கு. ஆபீசுல சொல்லவே இல்லியா?”

குடை இரண்டு, கடிகாரம் இரண்டு, செருப்பு இரண்டு சோடி என்று இத்தனை வருஷம் நான் கேலி செய்த மனிதர். போனைக் கீழே வைத்துவிடலாமா என்று நினைப்பதற்குள் அவரே வாங்கிவிட்டார். குரல் நூல் மாதிரி இருந்தது.

“ரோசலினம்மா, படம் நின்னுருச்சா?”

“இல்ல சார். நிக்கல. ஒரு வயர்தான் போச்சு. ஒண்ணுல ஓடுது.” எனக்கு அழுகை வந்துவிட்டது. “ஏன் சார் சொல்லல? எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“சொன்னா வேணாம்பீங்க. அழாதீங்கம்மா. ஒண்ணுல ஓடும். அம்புட்டுப் பாரத்தையும் அது தாங்கிக்கிரும். அதுக்குத்தான ரெண்டு வச்சிருக்கறது?” செத்த நேரம் மூச்சு வாங்கினார். “என் அலமாரியில புது வயர்ச் சுருள் ரெண்டு இருக்கு. எடுங்க. நான் சொல்லச் சொல்ல நீங்களே மாட்டிரலாம்.”

தகரம் போட்டவனையே பிடித்துவந்து கூரை மேல் ஏற்றிப் புது வயரை இழுக்க வைத்தேன். முனையில் பிளக் மாட்டுவதுதான் பெரும்பாடு. தலைமுடி மாதிரி எட்டுக் கம்பி, ஒவ்வொன்றும் ஒரு நிறம், வரிசை மாறக் கூடாது. மதினி போனை அவர் காதில் பிடித்துக்கொள்ள, அவர் படுத்தபடியே சொன்னார். வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பிரவுன், பிரவுன். நான் ஜெபமாலை சொல்வதுபோல் திரும்பச் சொன்னேன். முதல் பிளக் தப்பாகிவிட்டது. இரண்டாவதும் தப்பு. மறுபடியும் முதலிலிருந்து சொன்னார். மயக்க மருந்து இன்னும் தெளியவில்லை போலிருக்கிறது என்று அங்கே ஒரு நர்ஸ் டாக்டரைக் கூப்பிடப் போனதாக மதினி பிறகு சொன்னார்கள்.

மூன்றாவது பிளக்கை அழுத்திக்கொண்டிருக்கும்போது என் முன்னால் ஒரு சோடி ஷூ வந்து நின்றது. பெரிய டாக்டர். நான் தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். சுற்றிலும் வயர்த் துண்டு.

“என்னம்மா இது?”

இதற்கு மேல் பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை. “ரெண்டாவது வயர் அறுந்துருச்சு டாக்டர்.”

“எப்ப?”

“முந்தாநாளு, தகரம் போட்டப்ப.”

“முந்தாநாளா? படம் வந்துக்கிட்டுத்தான இருந்துச்சு. நேத்து முழுக்க நான்தான பாத்தேன்?”

“அதான் டாக்டர்” என்றேன். “மரம் விழுந்துருக்கு. பஸ்ஸு இன்னொரு ரோட்டுல போயிருக்கு. நமக்குத்தான் தெரியல.”

அவர் சோடி எங்கே என்று கேட்டார். சொன்னேன். டாக்டர் அல்லவா, கிட்னி கொடுத்து நாலாம் நாள் என்றால் உடம்பு எப்படி இருக்கும் என்று அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். மெதுவாகக் குனிந்து, தரையில் கிடந்த என் போனை எடுத்தார்.

“ஏய்யா சோடி. பேசாதப்பா, கேளு. நல்லாத் தண்ணி குடி. பாரம் தூக்காத. எப்ப முடியுதோ அப்ப வா, உன் நாற்காலி அப்படியேதான் இருக்கும்.” போனை என்னிடம் கொடுத்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “மதுரைக்காரன் வந்தா வேணாம்னு சொல்லி அனுப்பிரும்மா” என்று சொல்லிவிட்டு மாடி ஏறிப் போனார்.

நான் பிளக்கைச் சொருகிவிட்டுப் பெட்டியின் பின்னால் எட்டிப் பார்த்தேன். இரண்டு பச்சை விளக்கும் எரிந்தன. போனைக் காதில் வைத்து “வந்துருச்சு” என்று கத்தினேன். அந்தப் பக்கம் ஒரு நீளமான மூச்சு கேட்டது.

இரண்டு மாதம் கழித்து அவர் வந்தார். இன்னும் ஒல்லியாகியிருந்தார். இரண்டு கடிகாரமும் இருந்தன. புதிதாக இரண்டு தண்ணீர் பாட்டில். ஒன்றைத் தன் மேஜையில் வைத்துக்கொண்டு, இன்னொன்றைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். “டாக்டரு நெறையாத் தண்ணி குடிக்கச் சொல்லிருக்காரு. நான் மறந்துட்டா நீங்க சொல்லணும்” என்றார். அன்றிலிருந்து பதினோரு மணிக்கும் மூன்று மணிக்கும் நான் கத்த வேண்டிய வேலை கூடிப்போயிற்று.

நாங்கள் இரண்டு பேரும் அந்த ஆஸ்பத்திரியை விட்டு வந்து வெகுநாள் ஆகிவிட்டது. அண்ணன் நலமாக இருக்கிறார், பூத்தோட்டம் நடக்கிறது, சோடி சாரும் அங்கேயேதான் இருக்கிறார். எங்கள் வீட்டில் பழைய லேண்ட்லைன் போன் ஒன்று இன்னும் இருக்கிறது. இந்தக் காலத்தில் எதற்கம்மா அது, எடுத்துவிடலாம் என்று என் மகன் நச்சரிக்கிறான். முடியாது என்று சொல்லிவிட்டேன். தினமும் காலை எட்டரை மணிக்கு நிலக்கோட்டையிலிருந்து எனக்கு ஒரு போன் வரும். ஒற்றைப்படைத் தேதியில் லேண்ட்லைனில், இரட்டைப்படைத் தேதியில் செல்லில். நான் எடுத்து “வந்துருச்சு” என்பேன். “தண்ணி குடிச்சாச்சு” என்பார். அவ்வளவுதான் பேச்சு.

இன்று இரட்டைப்படைத் தேதி. மணி எட்டு இருபத்தெட்டு. செல்லைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டுதான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.